திரையில் ஓடும் எண்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவை அறிந்துகொள்வோம்

கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளை. எங்கள் மட்டாஞ்சேரிக் கிளையின் கதவு திறந்ததும், நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி ஓர் அம்மையார் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். மூன்று தலைமுறைகளாக இவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் கடைவீதியில் உள்ள மிளகுப் பண்டகசாலை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர்; எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். அவர்களுடைய இசைவுடன், பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

"இந்த வைப்புத்தொகையை முறிக்க வேண்டும், தம்பி. அவர் எறணாகுளத்தில் ஐ.சி.யு.வில் இருக்கிறார்" என்று கூறி ரசீதை நீட்டினார். இருவர் பெயரிலும் உள்ள வைப்பு. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் நிபந்தனை. முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதங்கள். அத்தகைய வைப்பை முதிர்வு நாளில் ஒருவரே பெற்றுக்கொள்ளலாம். முதிர்வுக்கு முன் முறிப்பதாயின் இருவர் கையொப்பமும் தேவை. கணவரோ வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியில், உறக்க மருந்தின் பிடியில் இருந்தார்.

இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது, அவர் வேறொன்றைக் கேட்டார். "காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். தலைமாட்டில் டி.வி. மாதிரி ஒன்று இருக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று எண்கள் ஓடுகின்றன. நேற்று 88 என்றிருந்தது, இன்று 94. கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? யாரைக் கேட்பதென்றே தெரியவில்லை."

அக்கேள்வி எனக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் பதினோரு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, நானும் அதே கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கிச் சொல்ல அங்கு எவருக்கும் நேரமில்லை. வணிகவியல் படித்த எனக்கு எண்கள் பழக்கமானவை. ஆனால் அவ்வெண்களின் பொருள் விளங்கவில்லை. பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, வாடிக்கையாளப் பெருமக்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். இது மருத்துவ ஆலோசனை அன்று. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கான ஓர் ஆயத்தம் மட்டுமே.

தனிப்பிரிவு தோன்றிய வரலாறு

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்தாம் மருத்துவமனையில் நாள்தோறும் இறந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்திருப்பதைப் பரிசோதனை காட்டியது. இரத்தத்தில் காரத்தன்மை மிகுந்துவிட்டது என்றே மருத்துவர்கள் அதற்குப் பொருள் கொண்டனர். ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் அதே எண்ணை வேறுவிதமாகப் படித்தார். நோயாளியால் மூச்சை வெளிவிட இயலவில்லை. ஆகவே கரியமில வாயு உள்ளேயே தேங்கி இரத்தம் அமிலமாகிறது என்றார் அவர்.

ஆகஸ்டு மாதத்தில், இறக்கும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார் இப்சன். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து கையால் பையை அழுத்தினர். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. கடும் நோயாளிகளை ஓரிடத்தில் சேர்த்து, இடைவிடாது கண்காணித்து, செயலிழந்த உறுப்பின் பணியைக் கருவியாலோ கையாலோ நிறைவேற்றலாம் என்னும் கருத்து அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1953இல் இப்சனே அத்தகைய தனிப்பிரிவு ஒன்றை அந்நகரில் அமைத்தார்.

இவ்வரலாற்றில் நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. அச்சிறுமியைக் காப்பாற்றியது புதிய பரிசோதனை அன்று. பழைய எண்ணுக்குச் சரியான பொருள் கண்டதே ஆகும்.

திரை காட்டுபவை

நோயாளியின் தலைமாட்டில் உள்ள கருவியை மானிட்டர் என்கிறோம். கருவிக்குக் கருவி நிறங்கள் மாறலாம். எனவே நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் அருகில் உள்ள குறியீட்டைப் பார்த்தல் நலம். பெரும்பாலும் ஐந்து அளவுகள் இடம்பெறும்.

முதலாவது இதயத் துடிப்பு. வளர்ந்தோர்க்கு ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பு. அத்துடன் ஓடும் அலைக்கோடு இ.சி.ஜி. ஆகும். துடிப்பின் வேகத்தை மட்டுமன்றி அதன் ஒழுங்கையும் அது காட்டும்.

இரண்டாவது இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு. விரல் நுனியில் மாட்டும் சிறு கவ்வி, சிவப்பொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் இவ்வொளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடி துடிக்கும்போது மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் நிலை தெரியும் என்பதை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர், ஜப்பானிய நிறுவனமான நிகோன் கோதனில் பணியாற்றிய தகுவோ அவோயாகி என்னும் பொறியாளர். அவர் 2020 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய கருவி உலகெங்கும் வீடுதோறும் புகுந்த ஆண்டும் அதுவே.

ஆரோக்கியமானவர்க்கு இவ்வளவு 95 முதல் 100 விழுக்காடு வரை இருக்கும். 90க்குக் கீழே இறங்கினால் இரத்தத்தில் ஆக்சிஜன் விரைந்து சரியும். ஆகவே 90 ஓர் எல்லைக்கோடு. எனினும் நெடுநாள் புகைப்பழக்கத்தால் நுரையீரல் பழுதுற்றவர்க்கு 88 முதல் 92 வரையே மருத்துவர்கள் இலக்காக வைப்பதுண்டு. அவர்க்கு மிகையான ஆக்சிஜன் தீங்காகலாம். அம்மையார் கண்ட 88 என்னும் எண் ஒருவருக்கு அபாய அறிவிப்பு, மற்றொருவருக்கு இலக்கு. கை குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். கருநிறத் தோலுடையோரிடம் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு என்பதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது.

மூன்றாவது இரத்த அழுத்தம். கைப்பட்டை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும். நிலை கவலைக்கிடமாயின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, துடிப்புக்குத் துடிப்பு அளப்பர். மேல் அளவு, கீழ் அளவு ஆகியவற்றுடன் அடைப்புக்குறிக்குள் மூன்றாவது எண் ஒன்று தோன்றும். அது சராசரி அழுத்தம். கீழ் அளவை இருமடங்காக்கி, மேல் அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ அவ்வெண் கிடைக்கும். 120/80 எனில் சராசரி 93. 90/50 எனில் 63. சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புகளுக்கு இரத்தம் சென்று சேர்வதை மதிப்பிட உதவும் எண் இதுவே. நோய்த்தொற்றால் அதிர்ச்சி நிலைக்குச் சென்றவர்க்குப் பொதுவாக 65க்குக் குறையாமல் வைத்திருக்க முயல்வர்.

நான்காவது சுவாச எண்ணிக்கை. நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை சீர்குலைவதை முன்கூட்டியே அறிவிக்கும் அளவுகளுள் இது முதன்மையானது. வீட்டில் நாம் கவனிக்கத் தவறுவதும் இதுவே. ஐந்தாவது உடல் வெப்பம்.

அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பற்றியும் ஒரு சொல். கவ்வி நழுவினாலும், நோயாளி கையை அசைத்தாலும் அது ஒலிக்கும். அங்கு ஒலிக்கும் மணிகளில் பெரும்பகுதி உடனடி ஆபத்தைக் குறிப்பவை அல்ல. செவிலியர் திரையை ஒருமுறை நோக்கிவிட்டு அமைதியாக இருந்தால், அதை அலட்சியம் என்று கருத வேண்டியதில்லை.

திரையில் தோன்றாத கணக்கு

வங்கியில் ஒரு நாள் இருப்பைக் கொண்டு ஒருவருடைய பொருளாதார நிலையை நாங்கள் மதிப்பிடுவதில்லை. ஆறு மாத வரவு செலவைப் பார்க்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அப்படியே. தனித்த ஓர் எண்ணைவிட அது செல்லும் திசையே முக்கியம். எந்த அளவு உதவியுடன் அவ்வெண் கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஆக்சிஜன் 94 என்றிருந்தாலும், நேற்று 40 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த காற்றில் கிடைத்த 94 இன்று 80 விழுக்காட்டில் கிடைக்கிறது எனில் நோயாளி பின்னடைந்திருக்கிறார். கடன் வாங்கிக் காட்டிய இருப்பைப் போன்றது அது. இரத்த அழுத்தமும் மருந்தால் தாங்கப்படுகிறதா, தானே நிற்கிறதா என்று அறிதல் வேண்டும்.

திரைக்கு வெளியே மூன்று அளவுகள் உண்டு. ஒன்று சிறுநீர். கட்டிலுக்கடியில் தொங்கும் பையில் மணிக்கு மணி குறிப்பர். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி லிட்டராவது வெளியேற வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு 30 மில்லி லிட்டர். இரத்தம் சிறுநீரகத்தை அடைகிறதா என்பதற்கு இந்தப் பை எளிய சான்று.

மற்றொன்று நினைவு நிலை. கண் திறத்தல், பேசுதல், அசைதல் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் அளிக்கும் கிளாஸ்கோ அளவுகோலை 1974இல் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகிய இருவர் உருவாக்கினர். முழு மதிப்பெண் 15. மிகக் குறைந்தது 3. தொண்டையில் குழாய் உள்ளவரால் பேச இயலாதாகையால், அந்நிலையில் எண் குறைவாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது இரத்தப் பரிசோதனைகள். தமனி இரத்தத்தில் அமில காரச் சமநிலை 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும். இக்குறுகிய எல்லைக்குள் உடல் தன் கணக்கை நேர்செய்துகொண்டே இருக்கிறது. லாக்டேட் என்னும் பொருள் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால், திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் சேரவில்லையோ என்ற ஐயம் எழும். சில மணி நேரங்களில் அது குறைந்துவருமாயின் சிகிச்சை பயனளிக்கிறது எனக் கொள்வர்.

நோய் இன்னதென்று அறிதல்

வழக்கமான மருத்துவத்தில் முதலில் நோயைக் கண்டறிந்து பின்னர் மருந்தளிப்பர். தீவிர சிகிச்சையில் இவ்வரிசைக்கு நேரமிருப்பதில்லை. உயிரைத் தாங்குவதும் காரணத்தைத் தேடுவதும் ஒரே வேளையில் நடைபெறும். உறவினர்க்குப் பெருங்குழப்பம் தருவது இதுவே. "என்ன நோய் என்றே சொல்லாமல் இத்தனை மருந்துகளா?" என்று அம்மையாரும் கேட்டார்.

அவருடைய கணவர்க்கு வந்தது எலிக்காய்ச்சல்; மலையாளத்தில் எலிப்பனி. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், காலில் உள்ள சிறு காயத்தின் வழியே உடலில் கலப்பதால் உண்டாவது. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் தேங்கும் நீரில் செருப்புடன் நடந்தவர் அவர். முதல் நான்கு நாள்கள் சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணினர். கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி, சிவந்த கண்கள், பின்னர் மஞ்சளித்த கண்கள், குறைந்துபோன சிறுநீர், இறுதியில் மூச்சுத்திணறல்.

இந்நோயை உறுதிசெய்யும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை, முதல் வாரத்தில் நோய் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். உடல் அப்பொருளை உருவாக்கவே சில நாள்கள் பிடிக்கும். இரத்தத்தில் வேறு கிருமி உண்டா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் இரண்டு, மூன்று நாள்கள் தேவை. அதுவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, அப்பருவத்தில் அவ்வூரில் வாய்ப்புள்ள நோய்கள் அனைத்தையும் கருத்தில் கொண்டு, முதல் மணி நேரத்திற்குள்ளாகவே கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிவிடுவர். முடிவுகள் வந்தபின் தேவையற்றவற்றை நிறுத்துவர். மூன்றாம் நாள் மருந்து மாற்றப்பட்டால், முதலில் அளித்தது தவறு என்று பொருளன்று. ஐயக் கணக்கில் வைத்த தொகையை உரிய தலைப்பில் வரவு வைப்பதைப் போன்றதே அது.

நோயறிதலில் இயந்திரத்தைவிட மனிதக் கூர்மை உயர்ந்து நின்ற நிகழ்ச்சி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 2018 மே மாதம் கோழிக்கோடு பேபி மெமோரியல் மருத்துவமனைக்கு மூளை அழற்சியுடன் ஓர் இளைஞர் கொண்டுவரப்பட்டார். அவருடைய சகோதரர் சில நாள்களுக்கு முன்பே இறந்திருந்தார். குடும்பத்தில் வேறு சிலருக்கும் அதே அறிகுறிகள். டாக்டர் ஏ. எஸ். அனூப் குமார் தலைமையிலான தீவிர சிகிச்சைக் குழுவினர், வழக்கமான மூளைக்காய்ச்சல் ஒரே வீட்டில் இவ்வாறு அடுத்தடுத்து வருவதில்லை என்று கருதினர். மாதிரிகள் மணிப்பாலுக்கு அனுப்பப்பட்டன. புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் நிபா என்று உறுதிசெய்தது. இவையெல்லாம் ஒரு சில நாள்களில் நிகழ்ந்தன. அவ்வலையில் 17 பேர் உயிரிழந்தனர்; பேராம்பிரை அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி அவர்களுள் ஒருவர். ஆயினும் நோய் விரைந்து அடையாளம் காணப்பட்டதால் பரவல் தடுக்கப்பட்டது.

2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இதே நோய் மருத்துவமனைகளின் வழியே பரவியபோது 66 பேர் பாதிக்கப்பட்டு 45 பேர் இறந்தனர். அது நிபாதான் என்பது சேமித்து வைத்திருந்த மாதிரிகளை ஆராய்ந்த பின்னரே தெரியவந்தது. அவ்வாய்வு வெளியானது 2006இல். நம் எறணாகுளம் மாவட்டத்தில் 2019 ஜூன் மாதம் ஓர் இளைஞர்க்கு நிபா கண்டறியப்பட்டபோதோ, முன்னனுபவம் கைகொடுத்தது. அவர் பிழைத்து அடுத்த மாதமே வீடு திரும்பினார். வேறெவருக்கும் நோய் பரவவில்லை.

இதில் உறவினர்க்கும் ஒரு பங்குண்டு. வீட்டில் வேறு யாருக்கேனும் காய்ச்சல் உண்டா, வெள்ளநீரில் நடந்தாரா, அண்மையில் எங்குச் சென்றுவந்தார், என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், எந்த மருந்து ஒவ்வாது ஆகிய செய்திகளை எந்தக் கருவியும் சொல்லாது; நாம்தான் சொல்ல வேண்டும். கடைவீதி வெள்ளத்தைப் பற்றி அம்மையார் தற்செயலாகச் சொன்ன ஒரு வாக்கியமே, மருத்துவரின் ஐயத்தை எலிக்காய்ச்சலின் பக்கம் திருப்பியது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாள்தோறும் கிடைக்கும் சில நிமிடங்களில் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "அப்படியே இருக்கிறார்" என்ற விடையே கிடைக்கும். அதற்கு மாறாகப் பின்வருமாறு கேட்கலாம்.

1. நேற்றைவிட இன்று எந்தெந்த உறுப்பின் நிலை முன்னேறியுள்ளது, எது பின்னடைந்துள்ளது?
2. ஆக்சிஜன், இரத்த அழுத்த மருந்து ஆகியவற்றின் தேவை கூடியுள்ளதா, குறைந்துள்ளதா?
3. நோய்க்காரணம் உறுதியாகிவிட்டதா? எந்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள்?
4. அடுத்த 48 மணி நேரத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள்?
5. இச்சிகிச்சை பயனளிக்காவிடில் அடுத்து என்ன?

குடும்பத்தில் ஒருவரே நாள்தோறும் பேசி, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் மிகவும் நன்று. ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டு ஐந்து விதமாகப் புரிந்துகொள்வதைத் தவிர்க்கலாம்.

சில உரிமைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். மருத்துவ ஆவணங்களின் நகலைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி. தீவிர சிகிச்சையில் எவரைச் சேர்க்க வேண்டும், எப்போது விடுவிக்க வேண்டும் என்பதற்கு நடுவணரசின் சுகாதாரத் துறை 24 வல்லுநர்களைக் கொண்டு வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. நோயாளியோ உறவினரோ விவரம் அறிந்து மறுத்தால், அப்பிரிவில் சேர்க்கலாகாது என்பதும் அந்நெறிகளில் அடங்கும்.

உறக்க மருந்திலிருந்து விழித்தெழும் முதியோர் சிலர் நாளும் இடமும் அறியாது பிதற்றுவர். உறவினரையே அடையாளம் காணமாட்டார்கள். அது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பமே. அவருடைய மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள்; தமிழில் பெயர் சொல்லி அழையுங்கள்; இன்ன நாள், இன்ன இடம் என்று அமைதியாகக் கூறுங்கள். பழகிய குரலுக்கு அங்கு மருந்துக்கு நிகரான மதிப்புண்டு.

கையொப்பமிட இயலாத நாள்கள்

இனி என் துறைக்கு வருகிறேன். உணர்வற்றுக் கிடக்கும் ஒருவருடைய தனிக்கணக்கிலிருந்து, மனைவியாயினும் மகனாயினும் வங்கியால் பணம் வழங்க இயலாது. இது கருணையின்மை அன்று. பேச இயலாதவரின் பணத்தைக் காக்கும் கடமை. இவ்விடத்தில் வாடிக்கையாளர்களிடையே காணப்படும் மூன்று தவறான எண்ணங்களைத் தெளிவுபடுத்த விழைகிறேன்.

நியமனதாரராகப் பெயர் பதிந்திருந்தால் போதும் என்பது முதல் எண்ணம். நியமனம் கணக்குதாரரின் மறைவுக்குப் பின்னரே செயற்படும். அவர் உயிருடன் இருக்கையில் நியமனதாரர்க்கு எவ்வுரிமையும் இல்லை. அதிகாரப் பத்திரம் இருந்தால் போதும் என்பது இரண்டாவது. எழுதிக்கொடுத்தவர் அறிவுத்திறனை இழந்தால் ஒப்பந்தச் சட்டத்தின்படி அவ்வதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். இருவர் பெயரில் வைப்பு இருந்தால் எப்போதும் ஒருவரே முறிக்கலாம் என்பது மூன்றாவது. அம்மையாரின் இக்கட்டு அதனால் நேர்ந்ததே.

நோயாளி நினைவுடன் இருந்து கையொப்பமிட மட்டும் இயலாவிடில் வழியுண்டு. இரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி அவர் பெருவிரல் ரேகையோ, கால்விரல் ரேகையோ, ஏதேனும் ஓர் அடையாளமோ இடலாம். வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும்.

நெடுங்காலம் உணர்வற்ற நிலையில் இருப்போர்க்கு நீதிமன்றமே துணை. அத்தகையோர்க்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச்சட்டம் இல்லாத குறையை, நம் எறணாகுளத்தில் அமைந்துள்ள கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பின் வழியே நிரப்பியது. நோயாளியின் சொத்து விவரங்களைத் தாக்கல் செய்தல், மருத்துவக் குழுவின் ஆய்வு, வருவாய்த்துறை அதிகாரியின் அறிக்கை, பாதுகாவலர் குறித்த காலத்தில் கணக்கு ஒப்படைத்தல் ஆகிய நெறிகளை அது வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், உணர்வற்றுக் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்கும் குடும்பத்திற்கும் பயன்படுத்த மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. ஆனால் இவ்வழிக்குக் காலம் பிடிக்கும். தீவிர சிகிச்சைக்கான தொகையை மருத்துவமனைகள் நாள்தோறும் கேட்கும்.

ஆகவே முன்னேற்பாடே சிறந்தது. இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றில், அவசரச் செலவுக்குரிய தொகையை வைத்திருங்கள். பெரிய வைப்பு ஒன்றைவிடச் சிறுசிறு வைப்புகளாகப் பிரித்து, முதிர்வு நாள்கள் அடுத்தடுத்து வருமாறு அமையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் தீவிர சிகிச்சைக் கட்டணத்திற்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையின் மீது ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் நாளில் மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் முடிவெடுக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு ஆணை. காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவை எங்கிருக்கின்றன என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பத்தாம் நாள்

அம்மையாரின் குடும்பத்திற்குக் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் இருந்த தொகையும் காப்பீடும் முதல் வாரத்தைக் கடக்க உதவின. டயாலிசிஸ் நான்கு முறை நடந்தது. எட்டாம் நாள் சிறுநீர் பெருகத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் சுவாசக் குழாயை அகற்றினர். பத்தாம் நாள் மை அட்டையுடனும் படிவத்துடனும் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து நான் மருத்துவமனைக்குச் சென்றேன். பண்டகசாலை உரிமையாளர் மற்றொரு சாட்சியாக வந்திருந்தார். நினைவு தெளிவாக உள்ளது, மதிப்பெண் பதினைந்துக்குப் பதினைந்து என்று மருத்துவர் எழுதித் தந்தார்.

திரையை நோக்கினேன். துடிப்பு 84, ஆக்சிஜன் 97, சராசரி அழுத்தம் 88. அழுத்தத்தைத் தாங்கும் மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. எண்களைப் படித்து அம்மையாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

நடுங்கும் பெருவிரலைப் படிவத்தில் பதித்த முதியவர், என்னை நோக்கி மெல்லிய குரலில், "முன்கூட்டி முறித்தால் வட்டி எவ்வளவு குறையும்?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அல்லவா! மருத்துவரும் சிரித்துவிட்டார்.

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, இவ்விதழைக் கீழே வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணக்குகளில் எவை தனிக்கணக்கு, எவை கூட்டுக்கணக்கு, அவற்றின் நிபந்தனைகள் யாவை என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை கிளைக்கு வரும்போது எங்களிடம் காட்டுங்கள். பத்து நிமிடங்களில் சரிபார்த்துத் தருவோம். மழை நாளொன்றில் நனைந்த தலைப்புடன் ஓடிவர வேண்டிய நிலை உங்கள் இல்லத்தார்க்கு நேராதிருக்க அது உதவும்.